பாதியில் நிற்கும் புரோகிராமும் பனியன் துணியும்

கிழிந்துபோன பழைய பனியன் ஒன்று வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடற்பகுதியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டுங்கள். ஓரத்தில் தட்டுப்படும் நூல் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால், ஒரு பக்கத்து ஓரத்திலிருந்து நூல் வரிசை வரிசையாகக் கழன்றுகொண்டே வரும். எதிர்ப்பக்கத்து ஓரத்திலோ அவ்வளவு எளிதில் வராது, சிக்கிக்கொள்ளும். வேட்டியிலும் துண்டிலும் இந்த வேடிக்கை நடவாது. அவற்றில் பாவும் ஊடையும் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. ஓரம் சற்றுப் பிசிறடிக்கும், அவ்வளவே.

காரணம் எளியது. பனியன் துணி நெய்யப்படுவதில்லை, பின்னப்படுகிறது. அதில் ஒவ்வொரு நூல் வளையத்தையும், அதன் வழியே இழுக்கப்பட்ட அடுத்த வரிசை வளையம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கடைசி வரிசை வளையங்களைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? எதுவும் இல்லை! அதனால்தான் கையால் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் கடைசி வரிசையை ஒன்றோடொன்று கோத்து முடிகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷின் வெட்டிய ஓரங்களைச் சுற்றி நூலால் கட்டிவிடுகிறது. பின்னுவதை நிறுத்தியதும் துணி முடிந்துவிட்டதாக யாரும் எண்ணுவதில்லை. கடைசி வரிசைக்கென்று தனியாக ஒரு வேலை காத்திருக்கிறது.

கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கும் இப்படியொரு கடைசி வேலை உண்டு. புரோகிராம் இயல்பாக முடிந்தால் அந்த வேலையும் நடந்துவிடும். பாதியிலேயே நிறுத்தப்பட்டால்? அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

சனிக்கிழமைச் சம்பளம்

திருப்பூரில் பல கம்பெனிகளில் சம்பளம் வாரச் சம்பளம்; சனிக்கிழமை மாலை கைக்கு வரும். தையற்காரர்கள் பலருக்கு எண்ணிக்கைக் கூலி. எத்தனை உருப்படி தைத்தார்களோ அதற்கேற்ற பணம். அவர்களுக்குத் துணையாக நிற்கும் கைமடி, பிசிறு வெட்டுபவர், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு.

இப்படியொரு கம்பெனி அலுவலகத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். 400 பேர் வேலை செய்கிறார்கள். வாரம் முழுவதும் சேர்ந்த துண்டுச் சீட்டுக் கணக்குகளைக் கூட்டிச் சம்பளப் பட்டியல் தயாரிக்க ஒரு புரோகிராம் இருக்கிறது. படங்களும் பொத்தான்களும் இல்லாத வகை அது. கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி 'என்டர்' விசையை அழுத்தினால் ஓடும். வேலை முடிந்ததும் தானே நின்றுவிடும். இவ்வகைப் புரோகிராம்களைக் கட்டளை வரிப் புரோகிராம்கள் என்பார்கள். பார்ப்பதற்கு எளிமையாக இருந்தாலும் வங்கி முதல் வானிலை நிலையம் வரை பின்னணியில் உழைப்பவை பெரும்பாலும் இவையே.

நம் சம்பளப் புரோகிராம் ஓடத் தொடங்கியதும் மூன்று காரியங்களைச் செய்கிறது. முதலில், 'பூட்டு' என்ற பெயரில் ஒரு சிறிய கோப்பை உண்டாக்குகிறது. இரண்டு எழுத்தர்கள் ஒரே நேரத்தில் இதே புரோகிராமை ஓட்டிக் கணக்கைக் குழப்பிவிடக் கூடாதல்லவா? பூட்டு இருப்பதைக் கண்டால் இரண்டாவதாக வரும் புரோகிராம் விலகிவிடும். அடுத்து, கூட்டல் கழித்தல்களைக் குறித்துக்கொள்ள ஒரு தற்காலிகக் கோப்பைத் திறக்கிறது. கணக்கு வாத்தியார் விடைத்தாளில் 'செய்கைப் பகுதி' என்று ஒதுக்கச் சொல்வாரே, அதைப் போன்றது. மூன்றாவதாக உண்மையான சம்பளப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராக எழுதுகிறது. எல்லாம் முடிந்ததும் பட்டியலை மூடி, தற்காலிகக் கோப்பை அழித்து, பூட்டை நீக்கிவிட்டு வெளியேறுகிறது. இந்தக் கடைசிப் பகுதியைத் துப்புரவுப் பகுதி என்று அழைப்போம்.

இப்போது 213-ஆம் பெயரை எழுதும்போது யாரோ 'கன்ட்ரோல்' விசையையும் 'சி' எழுத்தையும் சேர்த்து அழுத்திவிடுகிறார்கள். ஓடும் புரோகிராமை நிறுத்தும் வழக்கமான முறை அது. புரோகிராம் உடனே நின்றுவிடுகிறது. துப்புரவுப் பகுதி புரோகிராமின் கடைசியில் அல்லவா எழுதப்பட்டிருக்கிறது? அங்கே போய்ச் சேரவே இல்லை.

விளைவுகளைப் பாருங்கள். பூட்டு அப்படியே கிடக்கிறது. மீண்டும் ஓட்டினால், "வேறொருவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லிப் புரோகிராம் மறுத்துவிடுகிறது. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாலும் பயனில்லை. பூட்டு வட்டில் எழுதப்பட்ட கோப்பு. வாசலில் 400 பேர் காத்திருக்கிறார்கள். அவர்களில் பல்லடத்துக்கும் அவிநாசிக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் உண்டு. தற்காலிகக் கோப்போ ஒவ்வொருவரின் பெயரையும் கூலியையும் சுமந்துகொண்டு, யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கக்கூடிய பொது அடைவில் கிடக்கிறது.

இவ்விரண்டையும்விடக் கெட்டது மூன்றாவது. பட்டியல் இருக்கிறது, ஆனால் பாதிதான் இருக்கிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. புரோகிராம் எழுதும் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் வட்டுக்குப் போய்விடுவதில்லை. சிறிது சேர்ந்த பிறகு மொத்தமாக அனுப்புவதே வழக்கம், வேகத்துக்காக. ஆகவே 213 பெயர்களை எழுதிவிட்டதாகப் புரோகிராம் நம்பிக்கொண்டிருக்கும்போது வட்டில் 190 பெயர்கள் மட்டுமே இருக்கலாம். விடுபட்டவர்களின் சம்பளம் எங்கே? திறந்து பார்ப்பவருக்குப் பட்டியல் முழுமையாகத்தான் தோன்றும்.

கதவைத் தட்டும் சிக்னல்கள்

கன்ட்ரோல்-சி அழுத்தியதும் நடப்பது என்ன? கம்ப்யூட்டரை ஆளும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கருவுக்குக் 'கெர்னல்' என்று பெயர். யூனிக்ஸ், அதன் வழிவந்த லினக்ஸ் போன்றவற்றில் கெர்னல் அந்த விசைகளைக் கண்டதும் புரோகிராமுக்கு ஒரு 'சிக்னல்' அனுப்புகிறது. சிக்னல் என்பது ஓர் எண், அவ்வளவுதான். கன்ட்ரோல்-சி அனுப்புவது எண் 2. 'கில்' என்ற கட்டளையைத் தட்டினால் போகும் எண் 15. "தயவுசெய்து நிறுத்திக்கொள்" என்பது அதன் பொருள். எண் 1-இன் கதை சுவையானது. முற்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகத் தூரத்துக் கம்ப்யூட்டரோடு வேலை செய்தார்கள். இணைப்பு துண்டிக்கப்பட்டால் அந்தச் செய்தியைத் தெரிவிக்க வந்தது இந்தச் சிக்னல். தொலைபேசியை வைத்துவிடுவது என்னும் பொருளில் அதற்கு 'ஹாங்-அப்' என்றே பெயர். இன்று தொலைபேசி இல்லை. கறுப்புத் திரைச் சன்னலை மூடினால் அதே சிக்னல் போகிறது.

சிக்னலுக்குப் புரோகிராம் எவ்வித ஏற்பாடும் செய்து வைக்கவில்லையென்றால் இவை மூன்றுமே அதை அந்த இடத்திலேயே முடித்துவிடும். ஆனால், "இந்த எண் வந்தால் இந்தப் பகுதியை ஓட்டு" என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். 1979-இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய 'ஷெல்' புரோகிராமில் 'டிராப்' என்னும் கட்டளை இதற்காகவே இருந்தது. அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சி மொழிக்கு 1989-இல் தரம் வகுத்தபோது 'அட்-எக்சிட்' என்ற வசதியையும் சேர்த்தார்கள். வெளியேறும்போது ஓட வேண்டிய பகுதிகளைக் குறைந்தது 32 வரை அதில் பதிந்துவைக்கலாம்.

இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். அட்-எக்சிட்டில் பதிந்துவிட்டால் எப்படி நின்றாலும் துப்புரவு நடந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். நடவாது. புரோகிராம் தானாக வெளியேறும்போதுதான் அது ஓடும். சிக்னலால் வீழ்த்தப்பட்டால் ஓடாது. பைத்தான் மொழியிலும் ஏறத்தாழ இதே நிலைதான்: கன்ட்ரோல்-சிக்குத் துப்புரவு நடக்கும், எண் 15-க்கு நடக்காது. ஆகவே சிக்னலைப் பிடித்து, அதைச் சாதாரணமான வெளியேற்றமாக மாற்றிக்கொடுக்கும் ஏற்பாடு தனியாக வேண்டும்.

நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவது யார்?

சிக்னலைப் பிடித்தவுடன் அங்கேயே எல்லாத் துப்புரவையும் செய்துவிடலாமா? வட்டப் பின்னல் மெஷினிடம் கேட்போம். அதன் மேலே, அல்லது பக்கத்து ரேக்கில், வரிசையாக நூல் கோன்கள் நிற்கும். ஒவ்வொரு நூலும் ஒரு மெல்லிய கம்பியைத் தொட்டபடி கீழே இறங்கும். நூல் அறுந்தால் அந்தக் கம்பி சரிந்து மின்சுற்றை இணைக்கும், மெஷின் நிற்கும், எந்த நூல் அறுந்தது என்று காட்ட ஒரு சிறு விளக்கு எரியும். கவனியுங்கள்: அந்தக் கம்பி முடிச்சுப் போடுவதில்லை. நிறுத்துவதோடு அதன் கடமை முடிந்தது. முடிச்சுப் போட ஆள் வருவார், மெஷின் முற்றிலும் நின்ற பிறகு.

சிக்னலும் எந்த நொடியில் வரும் என்று சொல்ல முடியாது. பட்டியலில் ஒரு வரியைப் பாதி எழுதியிருக்கும்போது வரலாம்; நினைவகத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கும் பாதிச் செய்கையில் வரலாம். அந்த நேரத்தில் சிக்னல் பகுதி தானும் நினைவகத்தைக் கேட்டு, தானும் எழுதத் தொடங்கினால் புரோகிராம் தன்னைத்தானே சிக்கவைத்துக்கொண்டு உறைந்துபோகும். ஆகையால் தேர்ந்த புரோகிராமர்கள் சிக்னல் பகுதியில் ஒரே ஒரு காரியம் செய்கிறார்கள்: "நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்" என்று ஒரு கொடியை உயர்த்திவைப்பது. முக்கியப் புரோகிராம் ஒவ்வொரு பெயரை எழுதி முடித்ததும் கொடியைப் பார்க்கும். உயர்ந்திருந்தால், கையிலுள்ள வரியை முடித்துவிட்டு, நிதானமாகத் துப்புரவுக்குப் போகும். பைத்தான் போன்ற மொழிகள் இந்த வேலையைத் தாமே உள்ளுக்குள் செய்துகொள்கின்றன. சி மொழியில் எழுதுபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

பொறுமையற்ற மனிதர் கன்ட்ரோல்-சியை ஒருமுறை அழுத்தி நிறுத்தமாட்டார். நான்கைந்து முறை அழுத்துவார். துப்புரவு நடக்கும்போதே இரண்டாவது சிக்னல் வந்து துப்புரவையே கொன்றுவிடும். ஆகவே துப்புரவு தொடங்கியதும் முதல் வேலையாக அந்தச் சிக்னல்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கச் செய்ய வேண்டும்.

தலைகீழ் வரிசை

எதை முதலில் துடைப்பது? இதற்குச் சாயப்பட்டறையில் நல்ல பாடம் கிடைக்கும். பாலியெஸ்டர் துணிக்குச் சாயமேற்ற நீரை ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டியிருக்கிறது. திறந்த தொட்டியில் நீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே கலத்தை மூடி, அழுத்தத்தில் வைத்துச் சூடேற்றுகிறார்கள். முதலில் மூடுவது, பிறகு சூடாக்குவது. வேலை முடிந்ததும் வரிசை தலைகீழாகிறது: முதலில் ஆறவிட்டு, அழுத்தம் இறங்கிய பிறகே மூடியைத் திறக்கலாம். மாற்றிச் செய்தால் கொதிநீர் ஆவியாகச் சீறி ஆளை வெந்துவிடச் செய்யும். சூடு தணியும்வரை திறக்கவே முடியாதபடி மூடியில் தடையும் வைத்திருப்பார்கள்.

நம் சம்பளப் புரோகிராமும் பூட்டு, தற்காலிகக் கோப்பு, பட்டியல் என்ற வரிசையில் திறந்தது. மூடும்போது பட்டியல், தற்காலிகக் கோப்பு, பூட்டு என்று வர வேண்டும். பூட்டை முதலில் நீக்கிவிட்டால், வெளியே காத்திருக்கும் இன்னொரு புரோகிராம் அந்தக் கணத்தில் உள்ளே நுழைந்து, இன்னும் அழிக்கப்படாத தற்காலிகக் கோப்பில் கை வைத்துவிடும். அட்-எக்சிட்டில் பதிந்தவை, கடைசியில் பதிந்தது முதலில் என்ற முறையில் ஓடுவதற்குக் காரணமும் இதுவே.

பூட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றும் விஷயம் இது. "வெளியேறும்போது பூட்டை நீக்கு" என்ற ஏற்பாட்டைப் புரோகிராமின் முதல் வரியிலேயே எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தர் ஓட்டுகிறார், பூட்டு விழுகிறது. இரண்டாவது எழுத்தர் ஓட்டுகிறார். பூட்டைக் கண்டு அவருடைய புரோகிராம் விலகுகிறது. விலகும்போது? ஏற்பாட்டின்படி பூட்டை நீக்கிவிட்டுப் போகிறது! அது முதலாமவருடைய பூட்டு. மூன்றாவதாக ஒருவர் வந்தால் தாராளமாக உள்ளே போய்விடலாம். தான் போட்ட பூட்டைத்தான் தான் நீக்க வேண்டும். அதற்குப் பூட்டுக் கிடைத்ததா இல்லையா என்பதைப் புரோகிராம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் துடைத்த பிறகும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. வெளியேறும் ஒவ்வொரு புரோகிராமும் ஓர் எண்ணை விட்டுச்செல்லும். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது. பாதியில் நின்ற சம்பளப் புரோகிராம் அழகாகத் துடைத்துவிட்டு 0 என்று சொல்லிப் போனால், அடுத்து வரும் புரோகிராம் பட்டியல் முழுமையானது என்று நம்பிப் பணம் பட்டுவாடா செய்யத் தொடங்கிவிடும். சிக்னலால் நின்றேன் என்று சொல்ல, 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டிச் சொல்வது ஷெல்லின் மரபு. கன்ட்ரோல்-சி என்றால் 130.

தட்டாமல் வருகிறவன்

இத்தனையும் செய்தாயிற்று. இனி நம் புரோகிராம் எப்படி நின்றாலும் துப்புரவு நிச்சயம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. சிக்னல் எண் 9 என்று ஒன்று இருக்கிறது. அதைப் பிடிக்க முடியாது, தடுக்க முடியாது, காதில் விழாதது போல இருக்கவும் முடியாது. முரண்டு பிடிக்கும் புரோகிராமை ஒழிக்க ஒரு வழி வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். கம்ப்யூட்டரில் நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸ் கெர்னலே ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்து இந்தச் சிக்னலால் முடித்துவிடும். கம்ப்யூட்டரை அணைக்கும்போதும் முதலில் 15 போகும். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்து, நிற்காதவற்றுக்கு 9 போகும்.

அதைவிடக் கொடியது மின்வெட்டு. திருப்பூர்க்காரர்களுக்கு 2012-ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டியதில்லை. சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்ற நாட்கள் அந்த ஆண்டில் இருந்தன. கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடின. மின்சாரம் போனதற்கும் ஜெனரேட்டர் உறுமத் தொடங்குவதற்கும் இடையே சில விநாடிகள்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒரு விநாடியே அதிகம். அப்போது சிக்னலை அனுப்பக் கெர்னலும் இல்லை! யு.பி.எஸ். என்னும் மின்கலப் பெட்டி இருந்தால், "என்னிடம் சக்தி குறைகிறது" என்று அது கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் 15-ஐ அனுப்பி ஒழுங்காக மூடிக்கொள்ளும். தட்டாமல் வருகிறவனைத் தட்டிவிட்டு வரச் செய்யும் உபாயம் இது. நல்ல உபாயம்தான், ஆனால் மின்கலம் பழசாகிப்போன யு.பி.எஸ்.களும் உலகில் உண்டு.

ஸ்பிரிங் செய்யும் வேலை

மறுபடியும் சாயப்பட்டறைக்கு வாருங்கள். கலம் சூடேறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது. நீராவிக் குழாயின் வால்வை யார் மூடுவது? கட்டுப்பாட்டுப் பெட்டி செத்துக் கிடக்கிறது. ஆனால் வால்வு மூடிக்கொள்கிறது. எப்படி என்றால், அழுத்தக் காற்றுதான் அதைத் திறந்து பிடித்திருந்தது. உள்ளே ஒரு வலிய ஸ்பிரிங் அதை மூடவே முயன்றுகொண்டிருந்தது. மின்சாரம் போனதும் காற்று விடுபடுகிறது, ஸ்பிரிங் மூடிவிடுகிறது. அதற்கு யாருடைய கட்டளையும் தேவையில்லை. இறந்துபோனவரிடம் துப்புரவை ஒப்படைக்காமல், மிஞ்சியிருக்கும் பொருளிடம் ஒப்படைத்துவிட்டார்கள்!

புரோகிராமிலும் இதே வழிதான். பூட்டை ஒரு கோப்பாக வைப்பதற்குப் பதிலாக, கெர்னல் கையில் இருக்கும் பூட்டைக் கேட்டு வாங்கலாம். 'எஃப்லாக்' என்பது அத்தகைய ஒன்று. புரோகிராம் இருக்கும்வரை பூட்டு இருக்கும். புரோகிராம் எந்த வழியில் செத்தாலும், எண் 9 உட்பட, கெர்னல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மின்சாரமே போனாலும் கவலையில்லை. அந்தப் பூட்டு நினைவகத்தில்தான் இருந்தது, வட்டில் இல்லை.

தற்காலிகக் கோப்புக்கு இன்னும் வேடிக்கையான தந்திரம் உண்டு. கோப்பைத் திறந்தவுடனேயே அதன் பெயரை அழித்துவிடுவது. யூனிக்ஸ் வழியில் ஒரு கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயர் போனாலும், திறந்து வைத்திருக்கும் புரோகிராம் அதில் தொடர்ந்து எழுதலாம், படிக்கலாம். கடைசியாகப் பிடித்திருந்தவர் கையை விட்டதும் இடம் தானாக விடுபடும். பெயரில்லாத கோப்பை மற்றவர் எட்டிப் பார்ப்பதும் எளிதல்ல.

இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தற்காலிகக் கோப்புகள் குவியும் அடைவு எல்லாருக்கும் பொது. 'பிறகு துடைத்துக்கொள்ளலாம்' என்று ஒவ்வொருவரும் விட்டுச்சென்றால் பொது இடம் என்னவாகும் என்பதற்கு நொய்யலை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாமல் சுத்திகரிப்பதை ஆலையின் ஓட்டத்துக்குள்ளேயே சேர்க்க வேண்டும் என்பதே அங்கே எழுந்த கோரிக்கை. கடைசியில் செய்வதாகச் சொல்லும் துப்புரவை யாரும் நம்பத் தயாராக இல்லை.

மூன்றாவது, பட்டியல். இதற்குக் கெர்னல் ஒரு வரம் கொடுத்திருக்கிறது. ஒரு கோப்பின் பெயரை மாற்றி, ஏற்கெனவே அப்பெயரில் இருக்கும் கோப்பின் இடத்தில் அமர்த்துவது பிளவுபடாத ஒரே செய்கை. பார்ப்பவருக்குப் பழையது தெரியும், அல்லது புதியது தெரியும். நடுவில் எதுவும் தெரியாது. ஆகவே பட்டியலை வேறு பெயரில் எழுத வேண்டும். 400 பெயரும் எழுதியானதும், "வட்டில் உண்மையாகவே எழுதிவிட்டாயா?" என்று கெர்னலிடம் உறுதி கேட்க வேண்டும். அதன் பிறகே பெயரை மாற்ற வேண்டும். 213-ஆம் பெயரில் மின்சாரம் போனால் 'சம்பளப் பட்டியல்' என்ற பெயரில் கோப்பே இராது. பாதிப் பட்டியலைவிட அது எவ்வளவோ மேல். இல்லாததை யாரும் முழுமை என்று நம்பிப் பணம் எண்ணமாட்டார்கள். மறுபடி ஓட்டினால் போதும்.

ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டிய இடங்களில் இந்த முறை போதாது. அங்கே குறிப்பேடு வைக்கிறார்கள். ரிச்சர்ட் ஹிப் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எஸ்.க்யூ.லைட்' என்னும் தகவல் தொகுப்பு மென்பொருள், உங்கள் வீட்டு செல்பேசியிலும் அநேகமாக இருக்கும். மாற்றப்போகும் பக்கத்தின் பழைய நகலை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் பக்கத்தில் கை வைப்பது அதன் வழக்கமான முறை. நடுவில் செத்துப்போனால், அடுத்தமுறை திறப்பவர் குறிப்பேடு மிச்சமிருப்பதைக் கண்டு பழைய நிலைக்கு மீட்டுவிடுவார். துப்புரவு, போகும்போது நடக்காவிட்டால் வரும்போது நடக்கிறது.

இந்த எண்ணத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனவர்கள் உண்டு. 2003-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேன்டியாவும் ஆர்மாண்டோ ஃபாக்ஸும் ஒரு கட்டுரையில் கேட்டார்கள்: திடீர்ச் சாவைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒழுங்காக நிறுத்தும் வழி என்று ஒன்று தனியாக எதற்கு? நிறுத்த வேண்டுமா, கொன்றுவிடு; தொடங்கும்போது மீட்டுக்கொள்ளட்டும். கேட்பதற்கு முரட்டுத்தனமாக இருந்தாலும் இதில் ஒரு நியாயம் உண்டு. தினமும் நடக்கும் வழிதான் பழுதில்லாமல் இருக்கும். எப்போதோ ஒருமுறை நடக்கும் மீட்பு வழியில் புல் முளைத்திருக்கும். ஆயினும் சம்பளப் புரோகிராமுக்கு நான் இரண்டு வழிகளையும் வைத்துக்கொள்ளவே சொல்வேன். அழுத்தியதும் சட்டென்று ஒழுங்காக விலகுவது எழுத்தருக்கு வசதி. எப்படிச் செத்தாலும் கணக்குப் பொய்யாகாமல் இருப்பது தொழிலாளியின் உரிமை.

நீங்களே செய்து பாருங்கள்

லினக்ஸ் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று பள்ளியில் இருந்தால் இதைச் சோதிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் வரும் பைத்தான் போதும்; எழுத்துக்கூட்டலுக்குக் கணினி ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'ட்ரை' பகுதிக்குள் 60 விநாடி தூங்கச் சொல்லுங்கள். 'ஃபைனலி' பகுதியில் "துடைத்தாயிற்று" என்று அச்சிடச் சொல்லுங்கள். புரோகிராமை ஓட்டித் தூங்கவிட்டு, முதல் முறை கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். இரண்டாம் முறை வேறொரு சன்னலிலிருந்து 'கில்' கட்டளையால் 15-ஐ அனுப்புங்கள். மூன்றாம் முறை 9-ஐ அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் புரோகிராம் விட்டுச்சென்ற எண்ணையும் ஷெல்லிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை "துடைத்தாயிற்று" என்று வரும். கூடவே ஆங்கிலத்தில் நீளமான புலம்பல் ஒன்றும் வரும், பயப்பட வேண்டாம். புதிய பைத்தான் பதிப்புகளில் எண் 130. இரண்டாம் முறை ஒன்றும் அச்சாகாது, எண் 143. இனி, எண் 15 வந்தால் 143 என்ற எண்ணோடு இயல்பாக வெளியேறு என்று 'சிக்னல்' நூலகத்தின் மூலம் புரோகிராமின் தொடக்கத்தில் ஓர் ஏற்பாடு செய்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். இம்முறை "துடைத்தாயிற்று" வந்துவிடும். மூன்றாம் முறைக்கும் அதே ஏற்பாட்டைச் செய்ய முயன்றால், 9 என்று எழுதிய அந்த வரியிலேயே பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். கெர்னல் அனுமதிக்கவில்லை. அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டி 9-ஐ அனுப்பினால் கிடைக்கும் எண் 137. திரையில் வேறொரு சொல்லும் இராது, 'கொல்லப்பட்டது' என்று ஷெல் தன் பங்குக்குச் சொல்வதைத் தவிர.